ஒரே மலை, ஒரே உரம், வேறு வேறு மண்: மலையகத் தோட்டங்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் பெரியம்மாவுக்கு ஒரு சின்ன மரக்கறித் தோட்டம் இருந்தது. சரிவை வெட்டி நாலு படி. போஞ்சி நட்டால் மலைப்பக்கத்து வரிசை முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். பள்ளத்தைப் பார்த்த வெளி வரிசையோ கம்பைத் தாண்டி ஏறும். ஒரே விதை, ஒரே சாணம், மலை ஊற்றிலிருந்து வரும் ஒரே பீலித் தண்ணீர். உள்பக்கம் வெயில் படவில்லை என்றுதான் வருஷக்கணக்காக நினைத்திருந்தோம்.

ஒரு நாள் இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, பீலியில் வேரைக் கழுவிப் பார்த்தோம். வெளிச் செடியின் வேர் தலைமுடி மாதிரி அடர்ந்து தொங்கியது. உள்செடியின் வேர் தடித்துக் குட்டையாக, இஞ்சி முளை போல இருந்தது, நுனியெல்லாம் பழுப்பு. ஒட்டியிருந்த மண்ணும் வேறு. ஒன்று கறுப்பு, மற்றது மஞ்சள். படி வெட்டியபோது உள்பக்கத்து மேல்மண் முழுவதும் வெளிப்பக்கத்துக்குப் போய், உள்ளே அடிமண் வெளியே வந்துவிட்டது. பெரியம்மா இத்தனை நாளும் ஒரே படியில் இரண்டு மண்ணில் விவசாயம் செய்திருக்கிறார்.

ஒரு படிக்குள்ளேயே இப்படியென்றால், மழை மிகுந்த வட்டவளையில் பலித்த வைத்தியம் மழை குறைந்த வெலிமடையில் பலிக்காததில் ஆச்சரியம் இல்லை. அறிகுறி ஒன்றாக இருக்கலாம். அதற்குக் காரணமான களி வேறாக இருக்கலாம். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் "என்ன போடுவது" என்பதற்கு முன்னால் "எந்த மண்ணில் நிற்கிறீர்கள்" என்பதைக் கேட்டிருக்கிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டுக் கரையைப் பாருங்கள். கீழே வெட்டுக்கரை சிவந்திருக்கும். மேலே போகப் போக மஞ்சள் கலந்த பழுப்பாகும். அதற்கு மேல் கறுத்த மண் ஒரு போர்வை மாதிரி படர்ந்திருக்கும். சிவப்பு ஹேமடைட் என்ற இரும்புத் தாதின் நிறம். வெக்கையும் இடையிடையே உலர்ச்சியும் உள்ள இடத்தில் அது நிலைக்கும். மஞ்சள், கோதைட் என்ற இன்னொரு இரும்புத் தாதின் நிறம். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் அதுதான் மிஞ்சும். கறுப்பு, மக்கிய இலைதழை. நுவரெலியாவின் குளிரில் அது மெதுவாகவே சிதைவதால் சேர்ந்துகொண்டே போகிறது.

இலங்கை மண்ணை 1961இல் மூர்மனும் பானபொக்கையும் வகுத்தார்கள். அந்த வகுப்பின்படி நம் மலைகளில் பெரும்பகுதி செம்மஞ்சள் பொட்சோலிக் மண். கண்டி, மாத்தளைப் பக்கம் செங்கபில லற்றசோலிக் மண்ணும், செங்குத்துச் சரிவுகளில் முதிராத கபில இருவாட்டியும் வரும். பள்ளத்தாக்கின் அடியில் நீர் தேங்கும் சாம்பல் மண். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள்தான், ஆனால் மம்பட்டி பிடிக்கும்போதுதான் அவற்றுக்கு அர்த்தம் வருகிறது.

இந்த வித்தியாசத்தைச் செய்வது மழை. பாறை உக்கும்போது கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் எல்லாம் முதலில் கழுவப்பட்டுப் போகும். மழை இன்னும் பலமாகவும் வடிகால் நன்றாகவும் இருந்தால் சிலிக்காவும் போகும். கடைசியில் நிற்பது இரும்பும் அலுமினியமும்தான். சிலிக்கா பாதி எஞ்சிய இடத்தில் கயோலினைட் என்ற களி உருவாகிறது. சிலிக்கா அநேகமாக முழுவதும் போன இடத்தில் கிப்சைட் என்ற அலுமினியத் தாது. வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் வட்டவளைச் சரிவையும், அதில் பாதிகூடக் கிடைக்காத ஊவாப் பக்கத்துப் பண்டாரவளையையும் ஒரே கணக்கில் வைக்க முடியாதது இதனால்தான்.

கையாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் தேயுங்கள். முதலில் மணல் மாதிரி நறநறக்கும். விடாமல் நாலைந்து நிமிஷம் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக வழவழவென்று ஒட்ட ஆரம்பிக்கும். அப்படி மாறினால் அது மணல் இல்லை, களி. இரும்பும் அலுமினியமும் களித் துகள்களைக் குறுணை குறுணையாகச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. மலைச் சரிவில் பலத்த மழையும் சட்டென்று உள்ளே இறங்குவது இந்தக் குறுணையால்தான். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதிக்கொள்ளும். அதில் இருப்பது ஸ்மெக்டைட். நம் மேட்டு மண் அப்படி ஊதாது, வெடிக்காது. ஆனால் உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும் அதற்கு இல்லை. முதல் அறிகுறி அங்கிருந்துதான் வருகிறது.

அறிகுறி: உரம் போட்டால் இரண்டு வாரம் பச்சை, அப்புறம் பழையபடி மஞ்சள்

ஒரு கிலோ ஸ்மெக்டைட் களி 80 முதல் 120 சென்டிமோல் (அயன்களை எண்ணும் அலகு) வரை சத்து அயன்களைப் பிடித்துக்கொள்ளும். கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரைதான். கிப்சைட்டை நம்பவே முடியாது. மக்கிய சேதனப் பொருளோ 150 முதல் 300 வரை பிடிக்கும். அதாவது மலை மண்ணில் உரத்தைத் தாங்கும் பாத்திரம் களி இல்லை, மக்கு. அந்தக் கறுப்பு மேல்மண் ஓடிவிட்டால் பாத்திரமும் போய்விட்டது.

எனவே மூட்டையைக் கூட்டாதீர்கள். அதே அளவைப் பிரித்துப் பல தடவையாகப் போடுங்கள். பலத்த மழைக்கு முன்னால் யூரியாவும் எம்.ஓ.பி. என்ற பொட்டாசிய உரமும் கொட்டினால் அவை ஆற்றுக்குத்தான் போகும். கவ்வாத்து வெட்டிய குச்சியையும் இலையையும் விறகுக்கு அள்ளாமல் தூரடியிலேயே விடுங்கள். மரக்கறித் தோட்டத்தில் வேலியோரம் வளரும் காட்டுச் சூரியகாந்தியை வெட்டி மண்ணுக்குள் போடலாம். சீக்கிரம் மக்கும், பொட்டாசியமும் தரும்.

மஞ்சள் எந்த இலையில் வருகிறது என்றும் பாருங்கள். தேயிலையில் முதிர்ந்த இலையின் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்து, நரம்பு பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம். பழைய இலை முழுவதும் வெளுத்தால் நைதரசன். கொழுந்து மஞ்சளானால் அது வேறு கதை, கீழே வருகிறது.

அறிகுறி: செடி குட்டை, இலை ஊதா, எவ்வளவு டீ.எஸ்.பி. (பொஸ்பரஸ் உரம்) போட்டும் அசைவில்லை

இதில்தான் நம் மக்கள் அதிகப் பணத்தைத் தொலைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் கேள்வி: மாதம் என்ன? டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கந்தப்பளை, நுவரெலியாப் பக்கத்தில் விடியற்காலைப் பனியில் கோவா நாற்று ஊதா நிறம் காட்டும். குளிரில் வேர் வேலை செய்யாததால் வரும் நிறம் அது. வெயில் வந்து ஒரு வாரத்தில் பச்சை திரும்பினால் உரம் தேவை இல்லை.

இரண்டாவது கேள்வி: நிலம் புதிதா, பழையதா? புதிதாகத் திறந்த மஞ்சள் மண்ணிலும், படி வெட்டி அடிமண் வெளியே வந்த இடத்திலும் பொஸ்பரஸ் உண்மையாகவே அகப்பட்டுக்கொள்கிறது. கோதைட்டும் கிப்சைட்டும் பொஸ்பேட்டைத் தம் மேற்பரப்பில் இறுகப் பிடித்துக்கொள்ளும். சேற்றில் விழுந்த காசு மாதிரி, இருக்கும், ஆனால் செடிக்குக் கிடைக்காது. இந்த மண்ணில் டீ.எஸ்.பி.யைத் தூவவே கூடாது. தூவினால் ஒவ்வொரு துகளும் புதுக் களியைச் சந்திக்கும். நடும் குழியிலோ சாலிலோ, மக்கிய சாணத்தோடு சேர்த்து, வேருக்குப் பக்கத்தில் ஒரே இடமாக வையுங்கள். சாணத்தில் உள்ள சேதன அமிலங்கள் களியின் பிடியிடங்களை முதலில் அடைத்துவிடும், பொஸ்பரஸ் வேருக்கு மிஞ்சும். மண்ணின் புளிப்பையும் சேர்த்துக் குறைத்தால்தான் வேர் அதைத் தேடிப் போகும்.

பத்துப் பதினைந்து வருஷமாகக் கோழி எருவும் உரமும் போட்டு உருளைக்கிழங்கும் லீக்ஸும் எடுத்த நிலமானால் கதை தலைகீழ். அங்கே பிடியிடங்கள் எப்போதோ நிரம்பியிருக்கும், மண்ணில் பொஸ்பரஸ் மிதமிஞ்சிக் கிடக்கும். இன்னும் போட்டால் துத்தநாகம் கிடைப்பது குறையும், மழையில் ஓடும் மண்ணோடு பொஸ்பரஸும் ஆற்றில் இறங்கி நீர்த்தேக்கங்களில் பாசி வளர்க்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது எல்லோரும் ஒரே மாதிரி தவித்தோம். ஆனால் பழைய மரக்கறி நிலங்களில் உடனே தட்டுப்பட்டது நைதரசனும் பொட்டாசியமும்தான். பொஸ்பரஸ் மண்ணிலேயே இருந்தது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மண் பரிசோதனை மட்டுமே சொல்லும். ஒரு பரிசோதனைக்காகும் காசு ஒரு மூட்டை உரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

தேயிலைக்கு எப்பாவல பாறைப் பொஸ்பேட் பொருந்துவதும் இந்த மண் குணத்தால்தான். அது புளித்த மண்ணில்தான் கரையும். அதையே புளிப்பு நீக்கிய மரக்கறி மண்ணில் போட்டுவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: வேர் தடித்துக் குட்டையாகிறது, நுனி பழுப்பு

பெரியம்மாவின் போஞ்சி. பீ.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5.5க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைய ஆரம்பிக்கும்; 5க்குக் கீழே வேருக்கு விஷமாகிவிடும். போஞ்சி, கரட், பீட்ரூட் இதைத் தாங்காது. தேயிலை மட்டும் விதிவிலக்கு. அது அலுமினியத்தை இழுத்து முதிர்ந்த இலையில் சேர்த்து வைக்கிறது, கொஞ்சம் இருந்தால் நன்றாகவே வளர்கிறது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை, மரக்கறிக்கு பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை. ஒரே தோட்டத்தில் இரண்டும் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

ரோட்டுக் கரைகளில் சிங்களத்தில் கெக்கில்ல என்று சொல்லும் பன்னம் பற்றைபற்றையாகப் படர்ந்திருக்கும். அது தழைக்கும் இடம் புளித்த, சத்துக் கழுவப்பட்ட அடிமண். அதை வெட்டிவிட்டு நேரே பீட்ரூட் விதைத்தால் விதைக் காசும் வராது.

மருந்து, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் கல் தூள். கல்சியமும் மக்னீசியமும் இரண்டும் தரும். மாத்தளை, திகனப் பக்கத்துச் சலவைக்கல் படிவுகளிலிருந்து வருவது.

அறிகுறி: டொலமைட் போட்டேன், பீ.எச். ஏறவே இல்லை

நாலு இடத்தில் தப்பு இருக்கலாம்.

தூள் கரடாக இருக்கலாம். வீட்டு மா அரிதட்டில் சலித்துப் பாருங்கள். மேலே பாதி நின்றால் அந்தப் பாதி பல வருஷம் கல்லாகவே கிடக்கும்.

மேலே தூவிவிட்டு விட்டிருக்கலாம். டொலமைட் கீழே இறங்காது. மேல் சில சென்டிமீற்றர் மட்டும் திருந்தும், வேர் நடமாடும் இடம் புளித்தே இருக்கும். மரக்கறிப் பாத்தியில் கொத்திக் கலக்க வேண்டும். தேயிலையில் கவ்வாத்தை ஒட்டி, நிலம் திறந்திருக்கும்போது போட்டு முள்ளால் மண்ணைக் குத்திக் கிளறுவது இதற்காகத்தான்.

யூரியாவோடு சேர்த்துப் போட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போகும். சில வாரம் இடைவெளி விடுங்கள்.

நாலாவதுதான் முக்கியம்: பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட அளவையே நீங்களும் போட்டிருக்கலாம். நுவரெலியாவின் கறுப்பு மண்ணில் மக்கு, அலுமினியம் இரண்டும் அதிகம். பீ.எச். கொஞ்சம் ஏறினாலே அவை மறுபடி புளிப்பை வெளிவிட்டுக் கீழே இழுக்கும். குவார்ட்ஸைட் பாறையிலிருந்து வந்த மணல் கலந்த மண்ணில் அப்படி எதிர்ப்பு இல்லை, அதே அளவு அங்கே மிதமிஞ்சிவிடும். பீ.எச். எண் இரண்டு இடத்திலும் 4.6 ஆகவே இருக்கலாம், தேவைப்படும் டொலமைட் ஒன்றாக இருக்காது.

அறிகுறி: தேயிலைக் கொழுந்து மஞ்சள், அதுவும் வட்டமாக ஒரே இடத்தில்

இது புளிப்பு போதாத கோளாறு. இரும்பும் மாங்கனீசும் கரையாமல் நிற்கின்றன. பெரியவர்களிடம் கேளுங்கள்: அந்த இடத்தில் முன்பு பழைய லயம் இருந்ததா, அடுப்புச் சாம்பல் கொட்டினார்களா, சுண்ணாம்பு குழைத்தார்களா? சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணைப் பல வருஷம் மாற்றி வைத்திருக்கும். மாத்தளை, கண்டிப் பக்கமானால் கீழே சலவைக்கல் இருக்கவும் கூடும். காய்ந்த மண்ணில் நாலு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும். டொலமைட் உடனே நுரைக்காது, தூளாக்கி விட்டால்தான் மெல்லப் பொங்கும். அந்த வட்டத்துக்கு டொலமைட்டை நிறுத்தி, நைதரசனை அமோனியம் சல்பேட்டாகக் கொடுங்கள். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்க வைக்கும்.

நடு மலையில் வீட்டு முற்றத்து ஹைட்ரேஞ்சியாவும் இதே கதையைச் சொல்லும். நீலமாகப் பூத்தால் மண் புளித்து அலுமினியம் கிடைக்கிறது, ரோஸாகப் பூத்தால் இல்லை. வெள்ளை ரகம் மட்டும் எதுவும் சொல்லாது.

அறிகுறி: கோவா மத்தியானம் வாடுகிறது, பிடுங்கினால் வேர் கிழங்கு கிழங்காக

கிளப் ரூட் என்னும் வேர்வீக்க நோய். மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் வேரைப் பெருக்க வைக்கிறது. புளித்த ஈர மண் அதற்கு வசதி. வித்துகள் பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மம்பட்டியில், சப்பாத்தில், வாங்கிய நாற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். பீ.எச்.ஐ 7க்குச் சற்று மேலே கொண்டுபோனால் அடங்கும். ஆனால் அதே பாத்தியில் அடுத்து உருளைக்கிழங்கு போட்டால் தோலில் சொறி வரும். இரண்டையும் ஒரே பாத்தியில் மாற்றி மாற்றி ஓட்டாமல், கோவாவுக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்கி அங்கே மட்டும் சுண்ணாம்பு கொடுப்பதே என் யோசனை. கோவா, நோக்கோல், முள்ளங்கி, கோலிஃபிளவர் நாலும் ஒரே குடும்பம். அவற்றுக்குள் மாற்றினால் பயிர் மாற்றம் ஆகாது. லீக்ஸ், கரட், போஞ்சி என்று போய்த்தான் திரும்ப வேண்டும்.

அறிகுறி: மழைக்குப் பின் மேல்மண் இறுகுகிறது, வடிகானில் சிவப்புத் தண்ணீர்

காய்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீருக்குள் மெதுவாக விடுங்கள். நல்ல மேல்மண் பத்து நிமிஷம் கட்டியாகவே நிற்கும். மக்கு இழந்த மண் சில நொடியில் பொலபொலவென்று சரியும். அப்படிச் சரியும் மண்ணில் மழைத்துளி நேரே விழக்கூடாது.

இந்தக் கோளாறு புதியதும் இல்லை. கோப்பிக் காலத்திலேயே காட்டை வெட்டிச் சரிவைப் புல் இல்லாமல் துடைத்து வைத்தார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்து, அந்தச் சரிவுகள் பிறகு தேயிலைக்கு மாறியபோது மேல்மண்ணில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருந்தது. தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யும் முன் ஒன்றரை, இரண்டு வருஷம் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வளர்த்து, வெட்டி வெட்டி நிலத்திலேயே போடச் சொல்வது அந்தப் பங்கைத் திருப்பிக் கொண்டுவரத்தான். அந்தக் காலத்தைச் சுருக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

அறிகுறி: பள்ளத்துப் பாத்தியில் பயிர் அழுகுகிறது, கானில் செம்மஞ்சள் சளி, மேலே எண்ணெய்ப் படலம்

படலத்தைக் குச்சியால் கலையுங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றால் அது எண்ணெய் இல்லை, இரும்பைத் தின்னும் பாக்டீரியா. உடனே ஒன்றுசேர்ந்தால்தான் எண்ணெய். மண்ணைத் தோண்டினால் சாம்பல் நிறத்தில் செம்புள்ளிகள் இருக்கும். நீர் தேங்கி மூச்சு முட்டும் மண். இங்கே உரம் தேவையில்லை, கான் தேவை. பாத்தியை உயர்த்துங்கள், தண்ணீரை வடியவிடுங்கள், பிறகு மண் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

பரிசோதனைக்கு மண் எடுப்பது

ஒரு இடத்து மண் போதாது. வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு 15 சென்டிமீற்றர் ஆழம் வரை எடுத்து வாளியில் கலந்து, அதில் அரைக் கிலோ. உரமோ டொலமைட்டோ போட்ட சூட்டில் எடுக்காதீர்கள். நிறம் மாறும் இடத்துக்குத் தனிப் பை. படியின் உள்பக்கமும் வெளிப்பக்கமும்கூட தனித்தனி. தேயிலைக்குத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், மரக்கறிக்கு விவசாயத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகம் அல்லது சீதாஎலிய ஆராய்ச்சி நிலையம். வீட்டில் பீ.எச். தாள் வைத்துப் பார்ப்பதானால் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடித்த நீர், கலக்கி அரை மணி நேரம் தெளிய விட்டுப் பாருங்கள்.

அறிகுறி: சரிவில் வில் மாதிரி வெடிப்பு, மரம் சாய்கிறது, புது ஊற்று

முதலில் சொன்னேன், நம் மேட்டு மண் காய்ந்து வெடிக்கிற மண் இல்லை என்று. அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு கண்டால் அதைக் கோடை வெடிப்பு என்று தள்ளக்கூடாது. உக்கிய பாறைக்கு மேல் கிடக்கும் தடித்த மண்ணுக்குள் மழைத் தண்ணீர் நிரம்பி, மொத்தச் சரிவும் நகர ஆரம்பித்திருக்கலாம். கதவு திடீரென்று இறுகுவது, கம்பம் சாய்வது, ஊற்று கலங்குவது அல்லது சட்டென்று நின்றுபோவது எல்லாம் அதே கூட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்திருக்கிறோம். வெடிப்பை மண் போட்டு அடைத்துவிட்டு உள்ளே படுக்காதீர்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்துச் சொல்லும் வரை, மழை விட்டாலும், அந்த வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.